சாய்ந்து நின்ற கெப்பாசிட்டர்

“இதுல ஒண்ணுகூட தேறாது” என்று மேற்பார்வையாளர் தட்டைக் கொண்டுவந்து ஈயக்கையின் மேசைமேல் வைத்தார். தட்டில் அறுபது போர்டு. நேற்றுக் காலை எட்டு மணியிலிருந்து கழுத்து நிமிராமல் செய்தது.

ஈயக்கை என்பது அந்த ஹாலில் அவளுக்கு விழுந்த பெயர். பத்தொன்பது வருஷமாக நாலாம் நம்பர் மேசையில் உட்கார்ந்து பச்சைப் பலகைக்கு ஈயம் வைக்கிறாள். அவள் வைத்த ஈயத்தில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

அவள் கையிலிருந்த, ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னைத் தாங்கியில் செருகிவிட்டு நிமிர்ந்தாள். “என்ன சார் தேறல? ஈயம் வழிஞ்சிருக்கா? விட்டுப்போயிருக்கா?”

“ஈயமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாம்பிள்ல இருக்கற மாதிரி இல்ல.”

மேற்பார்வையாளர் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சட்டைப் பையில் பேனா வைக்கிற இடத்தில் ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் வைத்திருப்பார். அதனால் முதல் நாளே அளவுகோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். போர்டை அளப்பார், மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளப்பார், ஒருமுறை ஒருத்தி கக்கூசுக்குப் போய்வந்த நேரத்தைக்கூட அளந்தார். ஈயம் மட்டும் அவர் வாழ்நாளில் உருக்கியதில்லை.

சாம்பிள் ஹாலின் நடுவில் ஒரு ஸ்டூல்மேல் இருந்தது. கண்ணாடிபோன்ற மூடி, அடியில் கறுப்பு ஸ்பாஞ்சு, நாலு மூலையிலும் திருகாணி. சரக்கு வாங்குகிற கம்பெனியின் முத்திரை மேலே ஒட்டியிருந்தது. பழைய சாம்பிள் ஹாலுக்கு வெள்ளையடித்தபோது எங்கோ தொலைந்துபோயிற்று. இரண்டு வாரம் முன்னால் இந்தப் பெட்டி தபாலில் வந்ததும் அளவுகோலுக்கு உயிர் வந்தது. அதை யாரும் தொடக் கூடாது, திறக்கக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. ஸ்டூல் ஆடியது என்று, பெட்டியோடு வந்த தாளை நாலாக மடித்து ஸ்டூலின் ஒரு காலுக்கு அடியில் கொடுத்திருந்தார்.

அந்தப் பெட்டிமுன் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார். “நல்லாப் பாரும்மா. அந்தப் பெரிய கெப்பாசிட்டர் எப்படி நிக்குது?”

பார்த்தாள். மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற, சுண்டுவிரல் உயர டப்பா அது. பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆள் தோளில் விழுவதுபோல இடப்பக்கம் சாய்ந்துகிடந்தது.

“சாஞ்சு நிக்குது.”

“உன்னுது?”

“நேரா நிக்குது சார்.”

“அதான் சொல்றேன்” என்றார் அளவுகோல்.

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் போர்டு லிஃப்ட் கதவுக்குப் போவது. உள்ளங்கை அகலப் பச்சைத் தகட்டில், கம்பி இழுப்பதற்குப் பதிலாகச் செம்பையே மெல்லிய கோடுகளாக அச்சடித்திருப்பார்கள். மின்சாரம் அந்தக் கோட்டில்தான் போகவேண்டும், வரவேண்டும். ரேடியோவைத் திறந்தாலும் ஆஸ்பத்திரி மெஷினைத் திறந்தாலும் உள்ளே இருப்பது இந்தப் பச்சைதான். கதவு மூடும்போது நடுவில் ஒரு கை இருந்தால் அதைக் கண்டுகொண்டு கதவைத் திரும்பத் திறக்கச் சொல்வது இந்தப் போர்டு. ஈயம் பிடித்த ஒரு கம்பிக்கால் விட்டுப்போனாலும் கதவுக்குக் கண் போய்விடும்.

அதை அவள் சொல்லிப் பார்த்தாள். சாய்ந்தது ஆடும், ஆடி ஆடிக் கால் விட்டுப்போகும், அப்புறம் யாருடைய கையாவது போகும் என்றாள்.

“அதெல்லாம் டிசைன் பண்ணவங்க யோசிச்சிருப்பாங்க. சாம்பிள் எப்படியோ போர்டு அப்படி. போன தடவை அனுப்பினதுல குறைன்னு சொன்னாங்களே, ஏன்? சாம்பிள் இல்லாம அவங்கவங்க இஷ்டத்துக்குச் செஞ்சீங்க, அதான்.”

போன தடவை குறை வந்தது நிஜம். என்ன குறை என்று இந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. முதலாளி வாசலில் நின்றபடியே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்: இந்தத் தடவையும் சரக்கு திரும்பி வந்தால் ஆறு மேசையையும் தூக்கிவிட்டு மெஷின் போட்டுவிடுவார். வாங்குகிற கம்பெனியின் ஆள் இன்றைக்கு நாலு மணிக்குச் சரக்கைப் பார்க்க வருகிறார். நானூறு போர்டு.

மேசை போனால் ஈயக்கைக்கு வேறு வேலை கிடையாது. வீட்டுக்காரர் முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஐந்தாம் நம்பர் மேசையில் இருப்பவள் அவருடைய தங்கை. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே ஈயக்கைதான். ஆக, மேசை போனால் ஒரே நாளில் இரண்டு அடுப்பு அணையும்.

ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு, செய்து முடித்த அறுபதையும் சாய்க்க உட்கார்ந்தாள். ஒன்றை மட்டும் எடுத்து, துணியில் சுற்றி டிராயரில் வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நேராக நின்ற ஒன்றாவது உலகத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது.

ஈயம் இறுகின சாமானைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று முதல் வருஷத்துக்காரிக்கும் தெரியும். கட்டைவிரலால் தள்ளினாள். டப்பா சாய்ந்தது. சாயும்போது காலடியில் இருந்த செம்பு வளையமும் புண்ணில் காய்ந்த தோல்போல உரிந்துகொண்டு எழும்பியது. பத்துப் போர்டில் ஏழு இப்படி.

அளவுகோல் வந்து ஸ்கேலை வைத்து அளந்தார். மூன்று மில்லி சாய வேண்டியது இரண்டுதான் சாய்ந்திருக்கிறது என்றார்.

“சார், செம்பு உரியுது. கண்ணு இருக்கா இல்லையா?”

“உரிஞ்சா மேல ஈயம் போட்டு மூடு. இதைக்கூடவா சொல்லித் தரணும், பத்தொம்பது வருஷம் சர்வீஸ் வச்சுக்கிட்டு?”

பக்கத்து மேசையில் நாத்தனார் தலையைக் குனிந்து சிரித்தாள். “அண்ணி, கோவப்படாதீங்க. உங்க மூச்சுல என் ஈயம் உருகுது.”

“நீ உன் வேலையைப் பாருடி.”

உரிந்த இடத்தில் ஈயத்தை ஊற்றினாள். ஊற்றத்தான் செய்தாள். அதை வைத்தாள் என்று சொல்ல அவளுக்கே கூசியது. ஒவ்வொரு காலடியிலும் கோலிக்குண்டு மாதிரி ஒன்று உட்கார்ந்தது. இதைப் பார்த்தால் எவனும் காறித் துப்புவான், இதோடு இந்தக் கூத்து நிற்கும் என்று நினைத்தாள். அளவுகோல் ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு பெட்டியண்டை ஓடினார். குனிந்தார், இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

“பார்த்தியா! சாம்பிள்லயும் இதே உருண்டை இருக்கு. நான் இவ்ளோ நாள் கவனிக்கல. இப்பத்தான் நீ சரியான வழிக்கு வர்ற.”

அவளுக்கு நம்ப முடியவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தாள். இருந்தது. கெப்பாசிட்டர் காலடியில், அதே இடத்தில், அதே கோலிக்குண்டு.

“எந்தக் கழிசடை செஞ்சது இது?” என்று வாய்விட்டே கேட்டாள்.

“மரியாதையாப் பேசு. இதைச் செஞ்சது ஒரு கை. அந்தக் கையைப் பார்த்துக் கத்துக்கணும். முடிஞ்சா கும்பிடணும்.”

“நான் பார்த்தா கும்பிட மாட்டேன் சார். அயர்னால சூடு போடுவேன்.”

உருண்டை பெரிதாக வேண்டுமானால் அயர்னை நீண்ட நேரம் வைத்து அழுத்தவேண்டும். அழுத்தினால் பலகை கருகும். கருகியது. ஹால் முழுக்க எரிந்த பிசின் நாற்றம். மற்ற மேசைக்காரிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் திட்டினார்கள். அவள் அளவுகோலைத் திட்டினாள். அளவுகோல் மறுபடியும் பெட்டியண்டை போனார். சாம்பிளிலும் உருண்டைக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு தீய்ந்த வட்டம் இருந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வராத குறைதான்.

ஆறு மேசைக்கும் உத்தரவு போனது. நாலாம் மேசையில் எப்படியோ அப்படியே எல்லாரும் சாய்க்கவேண்டும், உருட்டவேண்டும், தீய்க்கவேண்டும். நன்றாகச் செய்து வைத்திருந்த போர்டுகளை எல்லாம் எடுத்து ஆறு பெண்களும் கெடுக்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை.

முடித்த ஒவ்வொரு போர்டின் அடியிலும் அவரவர் மேசை நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டவேண்டும் என்பது அங்கே பழைய வழக்கம். திட்டு யாருக்குப் போகவேண்டும் என்று தெரிய வேண்டுமே. இந்த வேலைக்கு என் நம்பரை ஒட்டமாட்டேன் என்று ஈயக்கை முரண்டு பிடித்தாள். ஒட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார் அளவுகோல். ஒட்டினாள். தன் முகத்திலேயே ஒட்டிக்கொள்வதுபோல இருந்தது.

“வேகம், வேகம்” என்று அளவுகோல் ஸ்கேலால் மேசையைத் தட்டினார். “போன மாசம் நூத்தறுபது போட்டீங்களே, அப்படி வேணும்.”

அதைக் கேட்டதும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் அவர் வந்த புதிதில் கையில் கடிகாரத்தோடு நின்று, ஆளுக்கு ஒரு நாளைக்குத் தொண்ணூறு போர்டு என்று இருந்ததை நூற்றறுபது ஆக்கினார். பூதக்கண்ணாடி விளக்குகளை வேறு ரிப்பேருக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஒரு வாரம் என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று எந்தக் கைக்கும் ஞாபகம் இல்லை. வீட்டுக்குப் போய்த் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினால் கை நடுங்கியது. அது மட்டும்தான் ஞாபகம்.

“அண்ணி” என்றாள் நாத்தனார், ஒரு டப்பாவைச் சாய்த்துக்கொண்டே. “அந்த சாம்பிள் செஞ்ச மகராசி உங்ககிட்ட மாட்டினா என்ன பண்ணுவீங்க?”

“அயர்னைப் பிடுங்கிடுவேன். ஆயுசுக்கும் அவ ஒரு போர்டைத் தொடக் கூடாது. வேணும்னா போய்க் கூடை பின்னட்டும்.”

“பாவம், அவளுக்கும் வீட்ல அண்ணன் மாதிரி ஒருத்தர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா?”

“இருக்கட்டும். ஊரான் கை நசுங்கறதுக்கு அது பதிலாடி?”

மூன்று மணிக்கு அளவுகோலுக்கு இன்னொன்று தெரிந்தது. சாம்பிளில், தீய்ந்த வட்டத்துக்கு மேலே, மிளகு அளவில் ஒரு சிவப்புப் பொட்டு. காலையிலிருந்து அதைத் தூசி என்று நினைத்திருந்தாராம்.

சிவப்பு எதற்கு என்று அவருக்கும் தெரியாது. பெயிண்ட் இருக்கிறதா என்று ஸ்டோர்காரரைக் கூப்பிட்டார். ஸ்டோர்காரர் மெல்லிய குரலில் பேசுகிற வயதான மனிதர். கறுப்பு இருக்கிறது, மஞ்சள் இருக்கிறது, சிவப்புக்கு எழுதிப்போட்டு ஐந்து வாரம் ஆகிறது என்றார். அளவுகோல் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். நாத்தனாரின் விரல்கள் அவர் கண்ணில் பட்டன. பத்து விரலிலும் சிவப்பு.

“நெயில் பாலிஷ் பை‍ல இருக்காம்மா?”

இருந்தது. நானூறு பொட்டு வைத்தார்கள். முதல் இருபது போர்டில் பாலிஷ் வழிந்து ஐ.சி. என்கிற கறுப்புப் பூச்சியின் கால்களுக்கு நடுவில் ஓடியது. தின்னர் போட்டுத் துடைத்தார்கள். துடைத்ததில் பலகைமேல் வெள்ளையாக அச்சடித்திருந்த எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. சாம்பிளில் எழுத்து இருக்கிறதே என்று அளவுகோல் தலையில் கை வைத்தார். கடைசியில் அந்த இருபதையும் அடுக்கின் அடியில் தள்ளினார்கள்.

மூன்றே முக்காலுக்கு ஈயக்கையின் கோபம் கொதித்து அடங்கி, அதற்கும் அப்பால் ஓர் இடத்துக்குப் போய்விட்டது. சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். சரி, சாம்பிள்தானே வேணும், வச்சுக்கோ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பெட்டிமுன் போய் நின்று ஒவ்வொரு கோணலையும் படித்துவந்து, ஒரு மயிரிழை பிசகாமல் மீதியைக் கெடுத்தாள். சாய்வு மூன்று மில்லி, உருண்டை கோலிக்குண்டு, தீய்ச்சல் பழுப்பு வட்டம். ஆச்சரியம் என்னவென்றால் கை தானாகவே போயிற்று. வேகமாகச் செய்யச் செய்ய இன்னும் சரியாக வந்தது. அதை நினைத்தால் அதற்கும் கோபம் வந்தது.

வாங்குகிற கம்பெனியின் ஆள் நாலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். குட்டையான மனிதர். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கியது. டீ வேண்டாம் என்றார், உட்காரவும் வேண்டாம் என்றார். அளவுகோல் குனிந்து குனிந்து அடுக்கைக் காட்டினார். ஆறு பெண்களும் சுவரோரம் நின்றார்கள்.

வந்தவர் மேலாக இருந்த ஒன்றை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுக்கும்போது அவர் முகம் மாறிவிட்டது.

“சிவப்பு யாரு வச்சது?”

“நாங்கதான் சார். எல்லாம் அச்சு அசலா சாம்பிள்படியே இருக்கு” என்றார் அளவுகோல். “ஒரு மில்லி வித்தியாசம் காட்டுங்க பார்ப்போம்.”

வந்தவர் நாலாவதை எடுத்தார். நாத்தனார் அண்ணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஈயக்கை கையை உதறினாள். நேராகத் தன் மேசைக்குப் போனாள், டிராயரைத் திறந்தாள், துணியைப் பிரித்து அந்த ஒரு போர்டைக் கொண்டுவந்து வந்தவரின் கையில் வைத்தாள்.

“இது என் கை சார். மத்தது எதுவும் எங்க கை இல்ல. அதெல்லாம் உங்க சாம்பிளைச் செஞ்சுதே, அந்தக் கை.”

அளவுகோல் அவளைத் தடுக்கப் பார்த்தார். வந்தவர் அவரை விரலால் நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். டப்பாவை நகத்தால் தட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

“இப்படித்தானே வேணும்” என்றார். “இதைத்தானே கேட்டோம்.”

“அப்ப அந்தச் சாம்பிளை ஏன் சார் அப்படி அனுப்பினீங்க?”

“எந்தச் சாம்பிள்?”

அவள் பெட்டியைக் காட்டினாள். வந்தவர் பக்கத்தில் போய்ப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பிறகு அளவுகோலைப் பார்த்தார்.

“யோவ், இதையா சாம்பிள்னு வச்சிருக்கீங்க? போன தடவை வந்த சரக்கை மாட்டின ஒரு லிஃப்ட்டு கதவு ஒருத்தர் கையை நசுக்கிடுச்சு. நல்லவேளை, எலும்பு தப்பிச்சுது. அந்தக் கதவுலேருந்து கழட்டின போர்டு இது. குறை எங்கேன்னு சிவப்புல பொட்டு வச்சு, இப்படிச் செய்யாதீங்கன்னு தாள்ல எழுதி, கூடவே வச்சு அனுப்பினோமே. அந்தத் தாள் எங்கே?”

எல்லாருடைய கண்ணும் ஒன்றாக ஸ்டூலின் காலடிக்குப் போயிற்று.

அளவுகோல் சட்டைப் பையில் இருந்த ஸ்கேலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. காலையிலிருந்து விழுங்கியதெல்லாம் ஈயக்கையின் வாய்க்கு ஒரே சமயத்தில் வந்தது. அவர் வந்த நாளிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் கொட்டினாள். வந்தவர் முழுக்கக் கேட்டார். கடைசியில், மேசைகளை எடுக்கவேண்டாம் என்று முதலாளியிடம் தானே சொல்வதாகச் சொன்னார். நாலு நாள் தருகிறேன், நானூறும் இந்தப் போர்டு மாதிரியே வேண்டும் என்று அவளுடைய போர்டைத் தூக்கிக் காட்டினார். நாத்தனார் அழுதேவிட்டாள்.

“ஆனா ஒண்ணு” என்றார் வந்தவர். “கை நசுங்கின விஷயம் இது. நான் மேல எழுதியே ஆகணும். அந்த போர்டைச் செஞ்சவங்க இனிமே இந்த வேலையில இருக்கக் கூடாது.”

“நல்லா எழுதுங்க சார்” என்றாள் ஈயக்கை. இத்தனை நேரம் அவளுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். “இப்பவே எழுதுங்க. யாரா இருந்தாலும் சரி, வீட்ல கஷ்டம், கைல நடுக்கம்னு எது சொன்னாலும் கேக்காதீங்க. அயர்னைப் பிடுங்கி வெளிய அனுப்புங்க. நான் சாட்சிக் கையெழுத்து போடறேன்.”

சொன்னபடியே போட்டாள். வந்தவர் தாளை எழுதி, நம்பருக்கு மட்டும் இடம் விட்டு, அவளிடம் நீட்டினார். அவள் பேனாவை அழுத்தி, தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

ஸ்டோர்காரர் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்து நாலு திருகாணியையும் நிதானமாகக் கழற்றினார். மூடியை எடுத்தார். ஸ்பாஞ்சிலிருந்து போர்டைப் பெயர்த்து, திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த ஸ்டிக்கரைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“எழுதிக்குங்க சார்,” என்றார் மெல்லிய குரலில், “நாலாம் நம்பர் மேசை.”